கத்தி மீன் வளர்ப்பு: பெங்களூருவில் புதிதாகத் தொடங்குவோருக்கு

கத்தி மீனை வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு. தென் அமெரிக்கக் கத்தி மீன்கள் தம் உடலைச் சுற்றி மெல்லிய மின்புலம் ஒன்றை இடைவிடாமல் உண்டாக்குகின்றன. அது எங்கே, எப்படிக் கலைகிறது என்பதை வைத்தே இருட்டில் வழி அறிகின்றன, இரை தேடுகின்றன, தம் இனத்தில் ஆண் எது, பெண் எது என்று அடையாளம் காண்கின்றன. இது முதலாவது. இரண்டாவது, அவை முட்டையிடுவது மழைக்காலத்தில். மழை வந்துவிட்டதை அவை அறிவது, தண்ணீரில் கரைந்துள்ள உப்புகள் குறைவதையும் நீர்மட்டம் ஏறுவதையும் வைத்து. தொட்டி, தண்ணீர், தீனி, ஜோடி என்று இனி நான் சொல்லப்போகும் எல்லாமே இந்த இரண்டையும் ஒட்டித்தான் இருக்கும். பெங்களூருவில் வசிக்கும் நமக்கு இதில் ஒரு சிக்கலும் உண்டு, ஒரு சாதகமும் உண்டு. சிக்கல் வீட்டு சம்ப்பில், அதாவது நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியில், இருக்கிறது. சாதகம் மொட்டை மாடியில் இருக்கிறது.

எந்த மீனை வாங்குவது

சிவாஜி நகர் பக்கத்துக் கடைகளிலோ வேறு பேட்டைகளிலோ ‘நைஃப் ஃபிஷ்’ என்று கேட்டால், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மீன்களை ஒரே பெயரில் காட்டுவார்கள். அதனால் வாங்குமுன் இனத்தைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

பிளாக் கோஸ்ட் எனப்படுவது அப்டெரோநோட்டஸ் ஆல்பிஃப்ரான்ஸ். மை போன்ற கருப்பு உடல், நெற்றியிலிருந்து முதுகில் ஓடும் வெள்ளைக் கோடு, வாலில் இரண்டு வெள்ளை வளையங்கள். அமேசான் பகுதி மீன். இயற்கை நீர்நிலைகளில் அரை மீட்டர் வரை வளரும். வீட்டுத் தொட்டியில் பெரும்பாலும் ஓர் அடியை ஒட்டி நிற்கும். இப்போது கடைகளுக்கு வருபவை பெரும்பாலும் இந்தோனேசியப் பண்ணைகளில் பிறந்தவை.

கிளாஸ் நைஃப் எனப்படும் ஐகன்மேனியா வைரெசென்ஸ் கொஞ்சம் அரிதாகக் கிடைக்கும். உடல் கண்ணாடி போல ஒளி ஊடுருவும், பச்சை சாயல் ஓடும். கூட்டமாக வாழும் மீன். வீட்டில் குஞ்சு பொரிக்க வைக்க வேண்டும் என்பதுதான் உங்கள் ஆசை என்றால், என் பரிந்துரை இதுதான். காரணங்களைப் பின்னால் சொல்கிறேன்.

கிளவுன் நைஃப் என்கிற சிட்டாலா ஆர்னேட்டா வேறு வகை. தென்கிழக்கு ஆசிய மீன். உடலின் பக்கவாட்டில் வரிசையாகக் கருப்புப் பொட்டுகள். மூன்று அங்குலக் குஞ்சாக அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது ஒரு மீட்டர் வரை வளரக்கூடிய வேட்டை மீன், வாய்க்கு அடங்கும் எதையும் விழுங்கிவிடும். அடுக்குமாடி வீட்டுக்காரர்கள் இதை வாங்க வேண்டாம். வளர்க்க முடியாமல் ஏரியில் விடுவது அதைவிடப் பெரிய கேடு. பிலிப்பைன்ஸின் லகூனா டி பே ஏரியில் இதே மீன் வளர்ப்புத் தொட்டிகளிலிருந்து போய்ச் சேர்ந்து பெருகி, அங்கிருந்த மீனவர்களின் பிழைப்பையே கெடுத்தது. அல்சூர் ஏரிக்கோ ஹெப்பால் ஏரிக்கோ அந்த நிலை வரக்கூடாது.

நம் காவிரியிலேயே கிடைக்கும் சொட்டை வாளையும் கத்தி மீன்தான். நோட்டோப்டெரஸ் நோட்டோப்டெரஸ் என்பது அதன் அறிவியல் பெயர். கிளவுன் நைஃபுக்கு உறவு. தண்ணீருக்கு மேலே வந்து காற்றை விழுங்கி மூச்சு விடும். இந்த ஆசிய வகைகளுக்கு மின்சார உணர்வு கிடையாது. முட்டைகளைக் கட்டை, கல் போன்ற கடினமான பரப்பில் ஒட்டி வைக்கும், ஆண் காவல் காக்கும். வெள்ளி நிறத்தில் வெகு அழகான மீன். ஆறடித் தொட்டி வைக்க இடம் உள்ளவர்கள் இதைக் கவனிக்கலாம். இனி இந்தக் கட்டுரையில் நான் பேசப்போவது முதல் இரண்டு மீன்களைப் பற்றி மட்டுமே.

கடையில் தேர்ந்தெடுக்கும்போது வயிற்றைப் பாருங்கள். இந்த மீன்களுக்கு வயிறும் குடலும் தலைக்கு அடுத்தே முடிந்துவிடும். ஆசனவாய்கூடத் தொண்டைக்கு அடியில்தான் இருக்கிறது. மீதி நீளம் முழுவதும் வால்தான். ஆகவே செவுளுக்குப் பின்னால் குழி விழுந்திருந்தால் அது பல நாள் பட்டினி கிடந்த மீன், வாங்காதீர்கள். வால் நுனி சிறிது உடைந்திருந்தால் பயப்பட வேண்டியதில்லை, அது மறுபடி வளரும்.

தொட்டியும் இருட்டும்

ஒரே ஒரு பிளாக் கோஸ்டுக்கு, அது சிறிதாக இருக்கும்போது நான்கடித் தொட்டி போதும். நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் ஏறத்தாழ 250 லிட்டர் கொள்ளும். வளர்ந்த பிறகு அகலம் இரண்டடியாவது வேண்டும். இல்லாவிட்டால் மீன் திரும்பச் சிரமப்படும். ஐந்தடிக்கு இரண்டடிக்கு இரண்டடி என்பது 560 லிட்டர் சொச்சம். தண்ணீரின் எடை மட்டுமே அரை டன்னைத் தாண்டிவிடும் என்பதால், வாடகை வீட்டில் இருப்பவர்கள் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு, உத்தரம் ஓடும் சுவரை ஒட்டி வையுங்கள். பால்கனியில் வைக்கவே வேண்டாம்.

அடியில் மென்மையான மணல் போடுங்கள். இந்த மீனின் செதில்கள் மிக நுண்ணியவை, தோல் மென்மையானது. கூரான கற்கள் தோலைக் கிழித்துவிடும். ஒளிந்துகொள்ள, மீனின் உடல் முழுதும் அடங்கும் நீளத்தில் பி.வி.சி. குழாய்த் துண்டுகளை வையுங்கள், அறுத்த விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து மழுக்கிவிட்டு. ஒரு துண்டு மட்டும் தெளிந்த அக்ரிலிக் குழாயாக இருக்கட்டும். நம் கண்ணுக்கு அது ஒளிவிடமே இல்லை. ஆனால் சுவரை மின்புலத்தால் உணரும் மீனுக்கு அது நல்ல பொந்து. பகலெல்லாம் அதனுள் நிம்மதியாகப் படுத்திருக்கும், நீங்களும் அதைத் துன்புறுத்தாமல் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஆண் பெண் பார்ப்பதற்கும் இந்தக் குழாய் பின்னால் மிகவும் உதவும்.

விளக்கு மங்கலாக இருக்க வேண்டும். மிதக்கும் செடிகள் மேற்பரப்பில் பாதியையாவது மூடியிருக்கட்டும். ஃபில்டர் தண்ணீர் இழுக்கும் வாயில் ஸ்பான்ஞ் மாட்டுங்கள். தொட்டிக்கு மூடி அவசியம்.

பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்பதைச் சென்னையிலிருந்து வந்து குடியேறியவர்கள் மறந்துவிடுகிறார்கள். அங்கே ஹீட்டர் இல்லாமல் ஆண்டு முழுவதும் மீன் வளர்த்திருப்பார்கள். இங்கே டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பம் 15 டிகிரி வரை இறங்கும், தொட்டித் தண்ணீரும் சேர்ந்து குளிரும். கத்தி மீனுக்கு 25 முதல் 28 டிகிரி வேண்டும். ஒரு லிட்டருக்கு ஒரு வாட் என்று கணக்கிட்டு, ஒரே பெரிய ஹீட்டருக்குப் பதில் இரண்டு நடுத்தர ஹீட்டர்களாகப் பொருத்துங்கள். ஒன்று பழுதானாலும் மற்றொன்று தாங்கும். ஹீட்டரைச் சுற்றிப் பிளாஸ்டிக் காப்பு அவசியம். சூடு தேடி அதன்மேல் சாய்ந்து படுக்கும் மீனுக்குத் தோல் வெந்துவிடும்.

மின்சாதனங்களில் கசிவு இருந்தால் மற்ற மீன்களைவிடக் கத்தி மீனை அது அதிகம் பாதிக்கும். குறைந்த அதிர்வெண் கொண்ட மின்புலங்களை உணர்வதற்கென்றே தனி உணர் உறுப்புகள் அதன் தோலில் உண்டு. நம் வீட்டு மின்சாரமும் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 துடிப்பு என்ற குறைந்த அதிர்வெண்தான். காரணமே இல்லாமல் மீன் மூலையில் ஒடுங்கி, தீனி எடுக்காமல் இருந்தால், ஹீட்டரையும் பம்பையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். மூன்று முள் எர்த் இணைப்பும் கசிவு கண்டால் துண்டிக்கும் பிரேக்கரும் உங்கள் உயிருக்கும் பாதுகாப்பு. தொட்டிக்குள் கை விடும் முன் சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

தண்ணீர்

பெரும்பாலான மீன்கள் இறந்துபோவது தண்ணீரால்தான். பெங்களூருவில் குழாயைத் திறந்தால் வருவது ஒரே தண்ணீர் அல்ல. காவிரித் தண்ணீர் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தொரேகாடனஹள்ளியிலிருந்து மேலேற்றப்பட்டு, குளோரின் கலந்து வருகிறது. பல பகுதிகளில் அது ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும். இடையில் போர்வெல், போர்வெல்லும் கைவிட்டால் டேங்கர். மூன்றும் ஒரே சம்ப்பில் கலந்து மாடித் தொட்டிக்கு ஏறுகின்றன. 2024 கோடையில் போர்வெல்கள் வற்றியபோது, என்ன தண்ணீர் குடிக்கிறோம் என்றே தெரியாமல் பல குடியிருப்புகள் இருந்தன. காவிரித் தண்ணீர் மென்மையானது, போர்வெல் தண்ணீர் பெரும்பாலும் கடினமானது. போன வாரம் மாற்றிய தண்ணீரும் இந்த வாரம் மாற்றும் தண்ணீரும் உப்பளவில் பல மடங்கு வேறுபடலாம்.

மின்புலத்தால் உலகை அறியும் மீனுக்கு இது சாதாரண விஷயமா? தண்ணீரில் உப்பு ஏறினால் மின்கடத்தல் ஏறும், அதன் மின்புலம் நீரில் பரவும் விதமே மாறிவிடும். எனவே தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்றை மீனுக்கு முன்பே வாங்குங்கள். ஆர்.ஓ. இயந்திரம் பொருத்த வருபவர் வீட்டில் முக்கிப் பார்ப்பாரே, அதே பேனா அளவுக் கருவிதான். தண்ணீர் மாற்றும் ஒவ்வொரு முறையும் பக்கெட்டிலும் தொட்டியிலும் அளந்து, நோட்டில் எழுதிவையுங்கள். வளர்ப்பதற்கு மட்டும் என்றால் மீட்டர் காட்டும் எண் 100 முதல் 200க்குள் ஒரே சீராக இருந்தால் போதும். பக்கெட் தண்ணீர் ஏறியிருந்தால் வீட்டு ஆர்.ஓ. தண்ணீரைக் கலந்து இறக்குங்கள். வாரம் ஒருமுறை கால் பங்குக்கு மேல் மாற்ற வேண்டாம். குளோரின் போக, காற்று ஓடவிட்டு ஒரு நாள் வைத்த தண்ணீராகவோ, கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கி சேர்த்ததாகவோ இருக்கட்டும். தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 6.5 முதல் 7.5 வரை இருக்கலாம்.

புதுத் தொட்டியில் மீனை உடனே விடக் கூடாது. கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதைக் கேடு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் ஃபில்டரில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். நோயில்லாத தொட்டி வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பான்ஞ் ஒன்றைக் கேட்டு வாங்கி உங்கள் ஃபில்டரில் போட்டால் காலம் குறையும். சோதனைக் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகே மீன்.

கடைப் பையிலிருந்து மீனை மாற்றும்போது பையை மிதக்கவிட்டுக் கொட்டிவிடாதீர்கள். மீனைப் பக்கெட்டில் விட்டு, ஏர் குழாயில் முடிச்சுப் போட்டுத் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரமாவது விழச் செய்யுங்கள். பிறகு வலையால் பிடிக்காமல் டப்பாவால் முகந்து விடுங்கள். மின்சாரம் போனால் இரண்டு மணி நேரமாவது தாங்க, இன்வெர்ட்டரிலோ பேட்டரியிலோ ஓடும் ஏர் பம்ப் ஒன்று இருக்கட்டும்.

தீனி

விளக்கை அணைத்து அரை மணி நேரம் கழித்துப் போடுங்கள். உறைந்த ரத்தப்புழு முதல் தேர்வு. உரித்துப் பொடியாக நறுக்கிய இறால், மருந்து அடிக்காத மண்ணில் எடுத்த மண்புழு ஆகியவையும் நல்லவை. கடையில் உயிரோடு விற்கும் டியூபிஃபெக்ஸ் புழு பெரும்பாலும் சாக்கடையில் அள்ளியது; நான் அதைப் புதிதாகத் தொடங்குவோருக்குச் சொல்வதில்லை.

ஒரு மாதம் பழகிய பிளாக் கோஸ்ட், நீளமான இடுக்கியில் நீட்டும் புழுவை வந்து எடுக்கும். அப்போது அதன் அசைவைக் கவனியுங்கள். முதலில் புழுவைத் தாண்டி முன்னே போய்விடும், பார்க்கவில்லை போலும் என்று நினைப்போம். உடனே அடித்துடுப்பின் அலையைத் திருப்பி, உடம்பை வளைக்காமலே பின்னோக்கி வரும். உடலின் பக்கம் முழுவதும் புழுவை ஒட்டித் தடவுவது போல நகர்ந்து, வாய் நேராக வந்ததும் கவ்விவிடும். கண் அந்த வேலையில் சேரவே இல்லை என்பது அருகில் பார்த்தால் புரியும். பரிணாமம் படைத்தவற்றில் இதைவிட நேர்த்தியான இரை தேடலை நான் வீட்டுக்குள் பார்த்ததில்லை.

கூட விடும் மீன்கள் விஷயத்தில் சுருக்கமாகச் சொன்னால் போதும். நியான் டெட்ரா அளவு மீன்கள் ஓர் இரவில் காணாமல் போகும். டைகர் பார்ப் துடுப்பைக் கடிக்கும். ஏஞ்சல், பெரிய டெட்ராக்கள் ஒத்துப்போகும். பிளாக் கோஸ்ட் ஒரு தொட்டிக்கு ஒன்று. கிளாஸ் நைஃப் ஐந்தாறு.

வெண்புள்ளி நோய் வந்தால் மருந்தை அவசரமாக ஊற்றாதீர்கள். மென்மையான தோல் கொண்ட இந்த மீனுக்குத் தாமிரம், மாலகைட் கிரீன், ஃபார்மலின் எல்லாமே கடுமையானவை. முதலில் காற்றை அதிகப்படுத்தி, வெப்பத்தை நாளுக்கு ஒரு டிகிரியாக 30 வரை ஏற்றிப் பாருங்கள். மருந்து தேவைப்பட்டால் அட்டையில் போட்டிருப்பதில் பாதி அளவில் தொடங்குங்கள். புதிய மீனை மூன்று வாரம் தனித் தொட்டியில் வைத்துச் சேர்ப்பது இந்தத் தொல்லையைப் பெரும்பாலும் தவிர்த்துவிடும்.

ஆணா, பெண்ணா

குஞ்சாக இருக்கும்போது யாராலும் சொல்ல முடியாது. கடைக்காரர் ‘ஜோடி’ என்று சொன்னால் நம்பிக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

கிளாஸ் நைஃபில் வளர்ந்த பிறகு அளவே சொல்லிவிடும். ஆண் ஓர் அடியை எட்டும், பெண் முக்கால் அடிக்குள் நின்றுவிடும். முட்டை பிடித்த பெண்ணை இன்னும் எளிதாகப் பார்க்கலாம். தெளிந்த குழாய்க்குள் அது இருக்கும்போது, மறுபக்கமிருந்து சிறிய டார்ச்சை மெல்லக் காட்டினால், கண்ணாடி உடலுக்குள் செவுளுக்குப் பின்னால் முட்டைப்பை மஞ்சள் கலந்த வெண்மையில் திரண்டு தெரியும். பிளாக் கோஸ்டில் இப்படி உள்ளே பார்க்க வழியில்லை. ஆணின் தலை நீண்டு, முகவாய் தடித்து இருக்கும். பெண்ணின் முகம் குறுகலாக, வயிறு உருண்டு இருக்கும். ஒரே வயதுள்ள பல மீன்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இந்த வேறுபாடு கண்ணுக்குப் பிடிபடும்.

காதால் கண்டுபிடிக்கும் வழி ஒன்று உண்டு. இந்த மீன்களின் மின்துடிப்பு ஒரு நொடிக்கு நூற்றுக்கணக்கில் சீராக ஓடுகிறது. கிளாஸ் நைஃபில் ஏறத்தாழ 250 முதல் 600 ஹெர்ட்ஸ், பிளாக் கோஸ்டில் 800 முதல் 1200 ஹெர்ட்ஸ் வரை. இது மனிதக் காது கேட்கும் எல்லைக்குள் வருவதால், ஒலியாக மாற்றிவிட்டால் கேட்கலாம். மைக் செருகும் வசதியுள்ள, பேட்டரியில் மட்டும் ஓடும் சிறிய ஸ்பீக்கர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மைக் பின்னில் இரண்டு கம்பிகள் இணைத்து, அவற்றின் நுனியில் துருப்பிடிக்காத எஃகுத் துண்டுகளைப் பொருத்துங்கள். தாமிரத்தை நேரடியாகத் தண்ணீரில் விட வேண்டாம், மீனுக்கு நஞ்சு. இரண்டு நுனிகளையும் ஒரு சாண் இடைவெளியில், மீன் படுத்திருக்கும் குழாயின் இரு முனைகளுக்கு அருகில் இறக்குங்கள். தொட்டியின் எல்லா மின்சாதனங்களையும் சில நிமிடம் அணைத்துவிடுங்கள். ஸ்பீக்கரை எந்தக் காரணத்துக்காகவும் சார்ஜரில் மாட்டி வைத்துக்கொண்டு இதைச் செய்யாதீர்கள்.

நாதஸ்வரத்துக்குப் போடும் சுருதி போல, ஏறாமல் இறங்காமல் ஒரே ரீங்காரம் கேட்கும். வீணை, கிட்டார் சுருதி சேர்க்கப் பயன்படும் கைபேசிச் செயலியை ஸ்பீக்கர் அருகில் பிடித்தால், அதிர்வெண்ணை எண்ணாகவே காட்டும். இரண்டு இனங்களிலும் ஆணின் அதிர்வெண் பொதுவாகக் குறைவு, பெண்ணுடையது கூடுதல். பழுப்புக் கோஸ்ட் எனப்படும் அப்டெரோநோட்டஸ் லெப்டோரின்கஸில் மட்டும் இது தலைகீழ், அங்கே ஆணுக்குத்தான் அதிகம். வெப்பம் ஏறினால் அதிர்வெண்ணும் ஏறும்; அதனால் எல்லா மீன்களையும் ஒரே வெப்பத்தில் அளந்து ஒப்பிட வேண்டும். ஒரு மீனை மட்டும் அளந்து முடிவு சொல்ல முடியாது. ஐந்தாறு மீன்களின் எண்களை வரிசைப்படுத்தி, கீழே இருப்பவற்றில் உடல் பெரியது எது என்று பார்த்தால், ஆணைப் பெரும்பாலும் சரியாகப் பிடித்துவிடலாம்.

அளக்கும்போது இரண்டு கிளாஸ் நைஃப்கள் அருகருகே இருந்தால் ஒரு வேடிக்கை நடக்கும். இரண்டின் அதிர்வெண்ணும் நெருக்கமாக இருந்தால், ஒன்று சற்றே மேலேயும் மற்றொன்று சற்றே கீழேயும் நகர்ந்துகொள்ளும். ஒன்றின் மின்புலம் மற்றொன்றைக் குழப்பாதிருக்கச் செய்துகொள்ளும் ஏற்பாடு. 1963இல் ஜப்பானைச் சேர்ந்த வாட்டனாபே, டகேடா இருவரும் இதை முதலில் பதிவு செய்தார்கள். நரம்பியலில் மிக ஆழமாக ஆராயப்பட்ட விலங்கு நடத்தைகளில் இதுவும் ஒன்று. நம் வீட்டுக் கூடத்தில் அதைக் காதால் கேட்க முடிகிறது!

மழையை உண்டாக்குதல்

ஃபிராங்க் கிர்ஷ்பாம் என்ற ஜெர்மானிய விலங்கியலாளர் 1970களில் கிளாஸ் நைஃபைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்துக் காட்டினார். ஊசி மருந்து எதுவும் இல்லாமல், மழைக்காலத்தைச் செயற்கையாக உண்டாக்கினார். தண்ணீரின் மின்கடத்தலைப் படிப்படியாகக் குறைத்தார், நீர்மட்டத்தை ஏற்றினார், மேலிருந்து தண்ணீரைத் தூவினார். மீன்களின் இனப்பெருக்க உறுப்புகள் அதற்கு ஏற்ப முதிர்ந்தன. இவற்றில் மிக முக்கியம் மின்கடத்தல் குறைவதுதான். வழி தெளிவாகத் தெரிந்த மீன் என்பதாலும், ஆண் பெண் பிரிப்பது எளிது என்பதாலும், கூட்டமாக இருக்கும் என்பதாலும்தான் கிளாஸ் நைஃபைப் பரிந்துரைத்தேன்.

பெங்களூருவில் இதை நம் பருவத்தோடு பொருத்தலாம். பிப்ரவரி, மார்ச்சில் கோடையைத் தொடங்குங்கள். ஒரு பெரிய ஆணும் மூன்று நான்கு பெண்களும் ஐந்தடித் தொட்டியில் இருக்கட்டும். நீர்மட்டத்தை மெல்லப் பாதிக்கு இறக்குங்கள். மாற்றும் தண்ணீரில் போர்வெல் தண்ணீரின் பங்கைச் சிறிது சிறிதாகக் கூட்டி, டி.டி.எஸ். 300, 350க்கு வரட்டும். தண்ணீர் மாற்றும் அளவைக் குறைக்கலாம், ஆனால் அம்மோனியா ஏறவிடக் கூடாது. இரண்டு மாதம் இப்படியே. தீனியும் இந்தக் காலத்தில் அளவாக.

மே மாதக் கோடை மழையிலேயே மொட்டை மாடியில் தண்ணீர் பிடிக்க ஆரம்பிக்கலாம். நம் ஊரில் 2400 சதுர அடிக்கு மேற்பட்ட மனைகளில் மழைநீர் சேகரிப்பு 2009 முதல் கட்டாயம். அந்தக் குழாயிலிருந்து நேரே எடுக்காதீர்கள். கூரைத் தூசி, புறா எச்சம், வாகனப் புகைக் கரி எல்லாம் அதில் இருக்கும். சுத்தமான பிளாஸ்டிக் விரிப்பை நான்கு மூலையும் கட்டி, நடுவில் ஓட்டை போட்டு, கீழே உணவுத் தர டிரம் வையுங்கள். முதல் கால் மணி நேர மழையை விட்டுவிட்டு அதன் பிறகு பிடியுங்கள். பருத்தித் துணியால் வடிகட்டி, ஒரு நாள் காற்று ஓடவிடுங்கள். டி.டி.எஸ். மீட்டரை அதில் முக்கினால் எவ்வளவு கீழே இறங்குகிறது என்று பாருங்கள், ஆர்.ஓ. தண்ணீர்கூட அதற்குப் பக்கத்தில் நிற்காது. சேமித்த டிரம்மை இறுக மூடி வையுங்கள், கொசு வந்துவிடும்.

ஜூனில் மழைக்காலத்தைத் தொடங்குங்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை, தண்ணீரை வெளியே எடுக்காமல், பத்து லிட்டர் இருபது லிட்டராக மழைநீரைச் சேருங்கள். மட்டம் தானாக உயரும், உப்பு தானாக இறங்கும். தொட்டி நிறைந்த பிறகு, எடுத்துவிட்டுச் சேருங்கள். ஓர் இரவில் பாதியாக இறக்கினால் மீன் அதிர்ச்சியில் விழும். நான்கைந்து வாரத்தில் 50க்கு வருவது நல்ல வேகம். உப்பு குறையக் குறைய பி.எச். தாங்கும் சக்தியும் குறையும், ஆகவே அதையும் அளந்துகொண்டே இருங்கள். 6க்குக் கீழே போக விடாதீர்கள். ஒரு சிறிய பம்பிலிருந்து துளையிட்ட குழாய் வழியாக இரவில் சில மணி நேரம் தண்ணீர் மேற்பரப்பில் தூவட்டும். இப்போது தீனியை அள்ளிக் கொடுங்கள். ரத்தப்புழு, டாப்னியா என்ற நீர்ப்பூச்சி, மண்புழு என்று மாற்றி மாற்றி.

முட்டையிட ஜாவா பாசியையோ, சுண்ணாம்பு, சாயம் இல்லாமல் நன்றாக வேகவைத்து அலசிய தேங்காய் நாரையோ மிதக்கும் கொத்துகளாகக் கட்டித் தொங்கவிடுங்கள். டார்ச்சில் பெண்களின் முட்டைப்பை நாளுக்கு நாள் பெருக்கத் தொடங்கும். முட்டையிடுவது இரவில், பெரும்பாலும் விடியற்காலையை ஒட்டி. ஒரே நாளில் எல்லாவற்றையும் இடாமல் பல இரவுகளில் தவணையாக இடும். காலையில் பல் துலக்கும் முன்பே கொத்துகளைப் பாருங்கள், பிந்தினால் பெரிய மீன்கள் முட்டைகளைத் தின்றுவிடும். ஒட்டியிருக்கும் தெளிந்த சிறு மணிகள்தான் முட்டைகள். கொத்தோடு எடுத்து, அதே தொட்டித் தண்ணீர் நிரப்பிய சிறிய தொட்டியில் மெல்லிய காற்றோடு வையுங்கள். வெண்மையாகிப் பஞ்சு பூத்தவற்றைச் சொட்டுக் குழாயால் அன்றன்றே அகற்றுங்கள்.

பிளாக் கோஸ்டின் வழி வேறு. இந்தோனேசியப் பண்ணைகளில் பெரிய மீன்களைக் கூட்டமாக வைத்து, மரப்பெரணித் தண்டு போன்ற சொரசொரப்பான பரப்பை இருட்டு மூலையில் கொடுத்து, காலையில் அதை எடுத்து முட்டை பொரிக்க வைக்கிறார்கள். முரட்டு மீன்களின் ஒரு கூட்டத்தைத் தாங்கும் தொட்டி பெரும்பாலான வீடுகளில் சாத்தியமில்லை. கிளாஸ் நைஃபில் கை பழகிய பிறகு அதை நினைக்கலாம்.

குஞ்சுகள்

27 டிகிரியில் முட்டைகள் ஏறத்தாழ மூன்று நாளில் பொரியும். பொரித்தவை சில நாள் மஞ்சள் கருவிலேயே வாழும், அப்போது தீனி போட்டால் தண்ணீர்தான் கெடும். தானாக நீந்தித் தேடத் தொடங்கியதும் முதலில் நுண்ணுயிர்க் கரைசல், சில நாளில் புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியா என்ற நுண்ணிய இறால் வகைக் குஞ்சுகள். நாளைக்கு நான்கு முறை, கொஞ்சம் கொஞ்சமாக. வயிறு ஆரஞ்சு நிறமாகத் தெரிந்தால் தின்றிருக்கிறது என்று பொருள். இந்தக் கட்டத்தில் ஸ்பான்ஞ் ஃபில்டர் தவிர வேறு எதுவும் கூடாது. தண்ணீரை நாள்தோறும் பத்தில் ஒரு பங்கு மாற்றுங்கள், டி.டி.எஸ். பொருந்தும்படி. மழைநீரிலிருந்து வழக்கமான தண்ணீருக்குத் திரும்புவதும் வாரக்கணக்கில் நடக்க வேண்டும்.

ஒரு மாதத்தில் அளவு வேறுபாடு தெரியும். பெரியவற்றைப் பிரித்து வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். அவை கடிப்பதைவிட, தீனியை முந்தி எடுத்துச் சிறியவற்றைப் பட்டினி போடுவதே அதிகம். மெல்லிய குழாய்த் துண்டுகளை இப்போதே போட்டுவிடுங்கள். ஆளுக்கொரு பொந்து கிடைத்தால் தீனி எடுப்பது கூடும். ரத்தப்புழு நறுக்கித் தின்னும் அளவுக்கு வந்த பிறகு பிறருக்குக் கொடுக்கலாம். கொடுக்கும்போது உங்கள் தொட்டியின் டி.டி.எஸ்., பி.எச்., வெப்பம் மூன்றையும் ஒரு சீட்டில் எழுதிப் பையோடு கட்டிவிடுங்கள். வாங்குபவர் வீட்டு சம்ப்பில் அன்று என்ன தண்ணீர் இருக்கிறது என்பதையும் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.